பக்க எண் இல்லாத திரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "சார், நம்ம ரத்ததானத் தேடல் திரையில 'அடுத்து'ன்னு ஒரு பொத்தான் மட்டும் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பக்க எண் ஏன் இல்ல? வேணும்னா நான் போட்டுத் தரட்டுமா?"

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. அன்றைக்கு எனக்கு ஊட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போட வேண்டாம் தம்பி, ஏன்னு எழுதி அனுப்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த எண்கள் ஏன் இல்லை என்பதைச் சொல்ல ஒரு மழைநாள் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு இரண்டு மூன்று பேருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? எழுதிவிடுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு: எங்கள் குடும்பத்துக்கு ஊட்டி மார்க்கெட்டில் துணிக்கடை. அத்தாவும் அண்ணன்மாரும் கடையில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டேன். குன்னூர் அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் பாய். கூடலூர்ப் பக்கம் போனால் மலையாள வழக்கில் அதே ஆள் இக்கா, அதாவது அண்ணன், ஆகிவிடுவேன்.

அந்த ரத்ததான வேலையை எங்களிடம் கொடுத்தது ஒரு தொண்டு அமைப்பு. மலை முழுக்க ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ரத்த வகை, கைபேசி எண், கடைசியாக ரத்தம் கொடுத்த நாள் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் தேட முடிய வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் ஊட்டியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி விலை கொடுத்து வாங்கிய பெரிய டேட்டாபேஸ் வைத்திருந்தது. கூடலூரில் இருந்தது சின்ன ஆஸ்பத்திரி. அவர்களிடம் இருந்தது இலவசமாகக் கிடைக்கும் சின்ன டேட்டாபேஸ். இரண்டும் கேள்வியைப் புரிந்துகொள்ளும் விதமே கொஞ்சம் வேறு.

குழுவில் எனக்குச் சமமாக இன்னொருவர் இருந்தார். ஊட்டிக்குப் பக்கத்து இத்தலார்க்காரர். பெங்களூரில் வருடக்கணக்கில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவர். பெயரை எழுதினால் என்னோடு பேசமாட்டார் என்பதால் மேடம் என்றே எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலில் நிதானமாக நடந்துகொண்ட சந்தர்ப்பங்கள் என்று எதையாவது நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அதில் பாதி அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்திலேயே எங்களுக்குள் சண்டை. எனக்கு வேகம் வேண்டும். ரத்தம் தேடும் நேரத்தில் ஒரு நர்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பது என் வாதம். ஊட்டி டேட்டாபேஸில் அதற்கு ஒரு வசதி இருந்தது. ஒருமுறை தேடினால் கிடைத்த விடையை அப்படியே கையில் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கப் பத்துப் பத்துப் பேராக எடுத்துக் கொடுக்கும். மின்னல் வேகம். கூடலூர் டேட்டாபேஸில் எங்களுக்கு அது சரிப்படவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடச் சொல்லி, "முதல் பத்துப் பேரை விட்டுவிடு, அடுத்த பத்துப் பேரைக் கொடு" என்று கேட்க வேண்டும்.

"ஊட்டிக்கு மட்டும் தெரிஞ்ச பாஷையில எழுதிட்டீங்கன்னா கூடலூர்ல என்னங்க பண்ணுவீங்க பாய்?" என்றார் மேடம்.

"கூடலூர்க்காரங்களும் லைன் வழியா ஊட்டி சர்வரைத்தானே பார்க்கப் போறாங்க?"

"ஆடி மாசத்துல லைன் இருக்குமுங்களா?"

கூடலூரின் ஆடி மழையை நானும் பார்த்தவன்தான்; அவர் சொன்னது சரி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மெதுவான வழி என்பதற்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சில வாரம் இழுத்தபிறகு, ஒரு சாயங்காலம் தேநீரும் வர்க்கியுமாக உட்கார்ந்து ஒரு சமரசத்துக்கு வந்தோம். திரை, தேடல், மற்ற எல்லாமே பொது. பக்கம் பக்கமாக வெட்டிக் கொடுக்கும் பகுதி மட்டும் ஊட்டிக்கு ஒன்று, கூடலூருக்கு ஒன்று. லைன் போனால் கூடலூர் தன்னிடமிருக்கும் நகலை வைத்துத் தானே ஓடிக்கொள்ளும். அதோடு, எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் முதல் பக்கமாவது உடனே வந்துவிட வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தை அவர் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஊரிலும் எல்லாப் பக்கங்களையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே பெயர்கள், அதே வரிசை. இருவருக்கும் திருப்தி.

அடுத்த ஆடியில் அந்த நாள் வந்தது.

காலையிலிருந்தே ஊட்டி - கூடலூர் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டதாகச் செய்தி. கேரளா போகும் சாலையிலும் மரங்கள் விழுந்திருந்தன. சரிந்த மண்ணோடு எங்கள் லைனும் போய்விட்டது. கூடலூர் ஆஸ்பத்திரியின் சர்வர், மேடம் வற்புறுத்திச் செய்துவைத்தபடியே, தன் நகலுக்கு மாறிக்கொண்டு ஓடியது. "பாத்தீங்களா?" என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கூடலூரிலிருந்து பிந்து கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடி, பேசி, வரவழைப்பது அவருடைய வேலை. தாய்மொழி மலையாளம். அந்த ஊர் வழக்கப்படி தமிழில் அதையும் கலந்து பேசுவார். அன்று குரலில் அழுகை இருந்தது.

"இக்கா, ஒரு டெலிவரி கேஸ். பாப்பா பிறந்தாச்சு, அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். இங்க இருந்த ஒரு பாக்கெட்டையும் ஏத்தியாச்சு. ஊட்டியில இருந்து வண்டி வர வழியில்ல. லிஸ்ட் முழுக்கக் கூப்பிட்டுட்டேன். ஒரு ஆளும் கிட்டல."

"முழுக்கவா?"

"முழுக்க இக்கா. பாதிப் பேருக்கு ரிங்கே போகல. சிலர் ஊர்ல இல்ல, ஒருத்தருக்குக் காய்ச்சல். ரெண்டு பக்கம் தீர்ந்து மூணாவது போனா 'யாரும் இல்லை'ன்னு காட்டுது." மூச்சு வாங்கினார். "ஆனா எனக்கு ஒரு காரியம் மனசிலாகல. எஸ்டேட்ல செல்வராசு அண்ணன் ஒருத்தர் உண்டு. போன வருஷம் இங்க வந்து ரத்தம் கொடுத்தாரு. நான்தான் அவர் பேரை ஏத்தினேன். அவரு வரவே இல்ல லிஸ்ட்டில. அவரோட நம்பர் என் போன்லயும் இல்ல."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மேடம் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார்.

நகல் பழையதாகிவிட்டதா, பாதிப் பெயர்கள் வந்து சேரவே இல்லையா என்று என் புத்தி ஓடியது. லைன் இல்லை, குன்னூரிலிருந்து அந்த சர்வருக்குள் நான் நுழைய முடியாது. அங்கே யாரையாவது சர்வர் முன்னால் உட்காரவைத்து, போனிலேயே வரி வரியாகச் சொல்லி உள்ளே பார்க்கலாம் என்று, "பிந்து, ஆபீஸ்ல இருக்கற பையனைக் கூப்பிடுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். மேடம் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பிந்து, நான் பேசறேன். ஒரு பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிட்டதும் என்ன பண்றீங்க?"

"பேருக்கு நேரா 'கூப்பிட்டாச்சு'ன்னு போடுவேன் மேடம்."

"எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் 'அடுத்து' அமுக்கறீங்க?"

"ஆமா மேடம்."

மேடம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கு இப்படிச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதல் பத்துப் பேரைப் பார்த்து அனுப்பிவிட்டீர்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் வெளியே வந்து, "முதல் பத்துப் பேரை விட்டுவிடுங்கள், அடுத்த பத்துப் பேர் வாருங்கள்" என்கிறீர்கள். முன்னால் நிற்கும் பத்துப் பேரை யாருமே கேட்கவில்லை! அந்தத் திரையில் இன்னும் கூப்பிடப்படாதவர்கள் மட்டும்தான் வருவார்கள். பிந்து ஒவ்வொரு பெயராகக் குறிக்கக் குறிக்க அவர்கள் வரிசையிலிருந்து விலகிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பக்கம் கேட்டபோது நடுவிலிருந்த ஒரு பக்கம் அப்படியே தாண்டிப்போனது. பாதிப் பேரைக் கூப்பிட்டு முடித்ததுமே "யாரும் இல்லை" என்று வந்துவிட்டது.

ஊட்டியில் இது நடக்காது. அங்கே விடையைக் கையில் பிடித்து வைத்திருப்பதால் வரிசை நகராது. நாங்கள் சோதித்தபோது இரண்டு ஊரிலும் பக்கங்களைத் திறந்து மட்டும் பார்த்தோமே தவிர, நடுவில் யார் பெயருக்கும் குறி போடவில்லை. ஒரே திரைதான் இரண்டு ஊரிலும் ஓடியது. ஆனால் பிந்து வேலை செய்கிற விதத்தில் வேலை செய்தால் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரே ஒரு வரியை மாத்தினா போதும் மேடம். போன்லயே சொல்லிடறேன்" என்றேன்.

"வேண்டாங்க பாய். இப்ப அதைத் தொடக்கூடாது. ஒரு எழுத்து தப்பாயிருச்சுன்னா ஓடிட்டு இருக்கறதும் நின்னுக்கும்." குரலை உயர்த்தவில்லை. போன் பக்கம் திரும்பினார். "பிந்து, 'அடுத்து'வை மறந்துருங்க. அது இல்லவே இல்லைன்னு நெனச்சுக்கங்க. மறுபடியும் 'தேடு' அமுக்குங்க. யார் வர்றாங்கன்னு பாருங்க."

தகரக் கூரை மேல் அடிக்கும் மழைச் சத்தத்தையும் மீறிப் பிந்து கத்தினார்.

"புது ஆளுங்க! மேடம், எல்லாம் புது ஆளுங்க! செல்வராசு அண்ணன் இருக்காரு!"

"கூப்பிடுங்க. குறி போட்டுட்டே வாங்க. பக்கம் காலியாச்சுன்னா திரும்பவும் 'தேடு'. ஆள் கிடைக்கற வரைக்கும் முதல் பக்கத்தை விட்டு நகராதீங்க."

இணைப்பு துண்டானது. அதற்குப் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. நான் மனசுக்குள் துஆ செய்துகொண்டிருந்தேன். மேடம் ஜன்னலோரம் நின்று வெளியே வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனது. என் மூத்த மகள் பிறந்த நாளில் நான் இதேபோல் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது ஞாபகத்துக்கு வந்து வந்து போயிற்று. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு நேரம் பயந்துகொண்டு நான் உட்கார்ந்ததில்லை.

பின்னால் தெரிந்துகொண்டவை இவை. செல்வராசுவின் எஸ்டேட் பாதையில் மரம் விழுந்து ஜீப் வர முடியவில்லை. மனிதர் தேயிலைக்குள் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே பெரிய ரோட்டுக்கு நடந்து வந்து, ஒரு பால் வண்டியை நிறுத்தி ஏறியிருக்கிறார். திரையில் அதே பக்கத்தில் இருந்த இன்னொருவர் கூடலூர் பஜாரில் பேக்கரி வைத்திருப்பவர். கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கிறார். அடுத்த முறை 'தேடு' அழுத்தியதில் ஒரு பள்ளி ஆசிரியை கிடைத்திருக்கிறார்.

இருட்டுவதற்குள் பிந்து மறுபடி கூப்பிட்டார். "ரத்தம் நின்னுச்சு இக்கா" என்றார்.

கொஞ்சம் கழித்து மேடத்திடம் நன்றி சொன்னேன். நீங்கள் அன்றைக்கு ஆடி மாதத்தைச் சொல்லிச் சண்டை போடாவிட்டால் கூடலூரில் திரையே வந்திருக்காது, இன்றைக்கு என் கையைப் பிடிக்காவிட்டால் நான் அதையும் கெடுத்திருப்பேன் என்றேன்.

"எனக்கெதுக்குங்க சொல்றீங்க?" என்றார். "நீங்க முதல் பக்கம் வேகமா வரணும்னு உயிரை எடுத்தீங்களே, அது இல்லைன்னா அந்தப் புள்ளை ஒவ்வொரு தடவையும் 'தேடு' அமுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்?"

அதுதான் அவர். தன் பங்கைச் சொல்லும் இடத்தில் அடுத்தவர் பங்கை எடுத்து முன்னால் வைப்பார். தொண்டு அமைப்பு காரணம் கேட்டபோதும், வரைபடம் போட்டு விளக்கி, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு, ரெண்டு பேரும் சேர்ந்து மாத்தறோம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். உங்களுக்கு வேலையில் இப்படி ஒருவர் வாய்த்தால், அவரோடு தாராளமாகச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் உங்களுக்கு நஷ்டம் வராது.

மழை ஓய்ந்ததும் அந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து அடியோடு மாற்றினோம். இப்போது நீங்கள் பார்ப்பது அதுதான். எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று இனி எந்த டேட்டாபேஸையும் கேட்பதில்லை. திரையில் கடைசியாக நின்றவர் யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "இவருக்குப் பின்னால் இருப்பவர்களைக் கொடு" என்று கேட்கிறோம். கடைசியாக ரத்தம் கொடுத்த நாளை வைத்து வரிசை. ஒரே நாளில் இருவர் கொடுத்திருந்தால் குழப்பம் வராமலிருக்கப் பதிவு எண்ணும் சேரும். முன்னால் இருப்பவர்கள் விலகினாலும் யாரும் தப்பிப்போக மாட்டார்கள். எண்ணித் தாண்டுகிற வேலை இல்லாததால் எவ்வளவு தூரம் போனாலும் வேகம் குறையாது. இதற்கு நாளையும் எண்ணையும் பெரியது, சிறியது என்று ஒப்பிடத் தெரிந்தால் போதும். எந்த டேட்டாபேஸுக்கும் அது புரியும். ஊட்டிக்கு ஒன்று, கூடலூருக்கு ஒன்று என்ற பிரிவே போய்விட்டது. வேகமா, எங்கும் ஓடுவதா என்று நாங்கள் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டதற்கு, இரண்டையும் தருகிற வழி ஒன்று இருக்கத்தான் செய்தது.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. கடைசியாக நின்றவரைக் கொண்டு அடுத்தவரைத் தேடும்போது, நேராக ஏழாம் பக்கத்துக்குத் தாவ முடியாது. பக்க எண்கள் போயின.

இதை நிறுவக் கூடலூர் போனபோது, ஆஸ்பத்திரி நிர்வாகி முகம் சுளித்தார். "என்னங்க இது, எத்தனாவது பக்கத்துல இருக்கோம்னே தெரியல. பழைய மாதிரி நம்பர் போட்டுக் குடுங்க." நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பிந்து சொல்லிவிட்டார். "எனக்குப் பக்கம் எதுக்கு சார்? அடுத்த ஆள் யாருன்னு தெரிஞ்சாப் போதும்." நிர்வாகி தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

எண் வேண்டிய திரைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் அறிக்கை பார்க்கும் ஒருவர் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் தாவ நினைத்தால் அவருக்குப் போட்டுக் கொடுங்கள். அங்கே யாரும் உயிருக்குக் காத்திருக்கவில்லை. எந்தத் திரைக்கு முன்னால் யார், என்ன அவசரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதலில் போய்ப் பாருங்கள். நாங்கள் இருவரும் பிந்துவின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, அவர் கூப்பிடுவதையும் குறி போடுவதையும் பார்த்திருந்தால் போதும். கெட்டிக்காரத்தனம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

புதியதை நிறுவப் போன அன்றே கூடலூரில் செல்வராசுவையும் பார்த்தேன். மனைவிக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தவரை பிந்துதான் காட்டினார். ஒல்லியான மனிதர். கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவராம். இங்கேயும் தேயிலைத் தோட்டம்தான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுதான். அந்த மழைநாளில் அவர் செய்ததற்கு நான் நன்றி சொன்னது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நம்ம என்னங்க ஐயா பெருசா செஞ்சோம்? போன் வந்துச்சு, வந்தேன். குடுத்துட்டு ஒரு பன்னும் டீயும் சாப்ட்டுப் போயிட்டேன்" என்றார். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தவர், தயங்கிக் கேட்டார். "யாருக்குக் குடுத்தேன்னு நான் கேக்கல. கேக்கவும் கூடாதாம். ஆனா அந்தப் புள்ளத்தாச்சி பொழைச்சுதான்னு மட்டும் மனசுல கெடக்குதுங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

பிழைத்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுந்து பிந்துவிடம் போய்க் கேட்டேன்.

"பேஷன்ட் காரியம் வெளிய சொல்லக் கூடாது இக்கா. ரூல்" என்றார். கண்ணாடி வழியே கேன்டீன் பக்கம் பார்த்தார். அங்கே செல்வராசு குனிந்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு வேணும்னா சொல்லுங்க. போன வாரம் தடுப்பூசிக்கு ஒரு பாப்பாவைத் தூக்கிட்டு வந்தாங்க. வராந்தா முழுக்கக் கேக்கற மாதிரி அழுகை. தூக்கிட்டு வந்தது அதோட அம்மா."

நான் திரும்பி வந்து, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

செல்வராசு கிளாஸைக் கீழே வைத்தார். "அம்மாவேவா தூக்கிட்டு வந்துச்சு?"

"அம்மாவேதான்."

"அவ்வளவு சத்தமா அழுதுச்சா?"

"வராந்தா முழுக்கக் கேட்டுச்சாம்."

அவர் முகம் விரிந்தது. "அப்ப சரிங்க ஐயா" என்று சொல்லி, மாத்திரைப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, தேவாலா பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.